குதிரைப் பாதையில் கொண்டுவந்த செய்தி

மொன்றியலுக்கு வெளியே, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குக் கிட்ட இருந்த அந்தக் குதிரை லாயத்தில் அன்றைக்குப் பதினொரு குதிரைகள் நின்றன. அவற்றில் ஒன்று மட்டும் என்னைக் கண்டதும் காதுகளைப் பின்னுக்கு மடக்கியது. அதைத்தான் எனக்குத் தந்தார்கள்.

எனக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. மனைவிக்கு அறுபத்திரண்டு. குதிரை ஏறப் பழக்கிய பெண்ணுக்கு இருபத்தைந்துகூட இருக்காது. அவள் பிரெஞ்சில் சொன்னதில் பாதிதான் எனக்கு விளங்கியது. விளங்கிய பாதியும் பயப்படாதீர்கள் என்பதாகவே இருந்தது. முழங்கால்களால் குதிரையை அணைத்துப் பிடிக்க வேண்டும், குதிகாலைக் கீழே அழுத்த வேண்டும், கடிவாளத்தை இறுக்கக் கூடாது, பார்வை தூரத்தில் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் நான்கு வேலை. நான் குதிரையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி அதற்குள் ஒரு சுற்றுப் போய் வந்துவிட்டாள். மகனின் பழைய காற்சட்டையைப் போட்டு, அதன்மேல் தன் பாவாடையையும் விடாமல் கட்டியிருந்தாள்.

"இஞ்சருங்கோ, அது நிக்குது. காலால ஒருக்காத் தட்டுங்கோ."

"தட்டினா ஓடும்."

"ஓடத்தானே ஏறினனீங்கள்?"

"நான் எங்க ஏறினனான்? மூண்டு பேர் சேர்ந்து தூக்கி வைச்சவை."

இளம் வயதில் நெடுந்தீவில் இரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். அங்கே காட்டுக் குதிரைகள் வெளியில் மேய்ந்து திரியும். பாடசாலைக்குப் போகிற வழியில் அவற்றை எண்ணிக்கொண்டு போவேன். கிட்டப் போனதில்லை. குதிரை என்பது தூரத்தில் நின்று எண்ணுவதற்குரிய விலங்கு என்ற முடிவோடு நாற்பது வருடத்தைக் கழித்துவிட்டேன். அப்படிப்பட்டவன் இந்த வயதில் ஏன் குதிரை ஏறப் பழகினான் என்பதைச் சொல்ல வேண்டும்.

மனைவி ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்தாள். கீரை துப்பரவாக்குவது, கட்டுவது, அழுகினதைப் பிரித்துப் போடுவது. பின்பக்க அறையில் அதே மேசையில் அவளுக்கு எதிரே நின்றவள் ஒரு கிர்கிஸ் பெண். நாற்பது வயது. சீனாவுக்கு மேற்கே மலையும் குதிரையுமாக இருக்கிற கிர்கிஸ்தானில் இருந்து தனியே வந்தவள். அகதியாகக் கோரிக்கை வைத்து நான்கு வருடமாக முடிவுக்குக் காத்திருந்தாள். ஏன் வந்தாள் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களைக் கேட்டவர்களுக்கு நாங்கள் சொன்னதும் கொஞ்சம்தான்.

இரண்டு பேரும் கடைப் பிரெஞ்சில் கதைத்துக்கொள்வார்கள். இரண்டு பேருடையதும் பிழைப் பிரெஞ்சு, ஆனால் ஒரே விதமான பிழை என்பதால் ஒருத்திக்கு மற்றவள் சொல்வது சரியாக விளங்கும். அவள் மனைவியை "அக்கா" என்று கூப்பிடப் பழகினாள். பிறகு, அக்காவின் கணவனை என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டு, என்னை "அத்தான்" என்றாள். மனைவிக்குக் கூடப்பிறந்த தங்கைகள் இல்லை. அதனால் அறுபது வயது தாண்டும்வரை என்னை அத்தான் என்று கூப்பிட ஒருவரும் இருக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

"அவள் வந்தால் புதுச் சேட்டுப் போடுறியள்" என்றாள் மனைவி ஒரு நாள். அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் குடும்பத்தார் மந்தை வைத்திருப்பவர்கள். பனி கரைந்ததும் ஆடு, மாடு, குதிரை எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு மலைக்கு மேலே ஏறிவிடுவார்கள். கம்பளிக் கூடாரம் போட்டுக் கோடை முழுவதும் அங்கேயே இருந்து, அடுத்த பனிக்கு முன் கீழே ஊருக்கு இறங்குவார்கள். மேலே தொலைபேசி வேலை செய்யாது. அவளின் தம்பி எப்போதாவது கீழே இறங்கும்போது அவளுக்கு எடுத்துப் பேசுவான். அந்த வருடம் வசந்தம் தொடங்கியதில் இருந்து தாயின் குரலை அவள் கேட்கவில்லை. தம்பி எடுக்கிற நேரமெல்லாம் அம்மா சுகம், அம்மா மேலே நிற்கிறார் என்றான். ஒவ்வொரு முறையும் அதே சொற்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்து இதைச் சொன்னாள். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடு எங்களுடையது. அவள் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"அத்தான், நான் இஞ்சையிருந்து வெளிக்கிட்டால் திரும்பி வரேலாது. நீங்கள் எல்லாத்தையும் எண்ணிப் பாக்கிற ஆள். நீங்கள் போய்ப் பாத்து வந்து சொன்னால் நம்புவன். அம்மா எழும்பி நடக்கிறாவோ, சாப்பிடுறாவோ, என்னைக் கேட்டவவோ? உள்ளதைச் சொல்லுங்கோ. அது போதும்."

நான் சிரித்துவிட்டேன். பகிடி என்றுதான் நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. மனைவி வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

அந்த வருடம் நாங்கள் யாழ்ப்பாணம் போயிருக்க வேண்டும். இருபது வருடத்துக்குப் பிறகு போவதாக எல்லாம் ஆயத்தப்படுத்தியிருந்தோம். முந்தைய வருடம் சண்டை மறுபடி தொடங்கிப் பாதையை மூடிவிட்டார்கள். மனைவிக்குக் கடையில் ஆறு வார லீவு சும்மா கிடந்தது.

"எங்கட வீட்டுக்குத்தான் போகேலாது" என்றாள் மனைவி. "அவளின்ர வீட்டுக்காவது போவம்."

அதற்கு நான் பதினான்கு தடைகளைச் சொன்னேன். என் இரத்த அழுத்தம், இரண்டு பேரின் முழங்கால்கள், மலையின் உயரம், குடிநீர், அந்த நாட்டு விமானங்கள், வீதி முடிந்த பிறகு இரண்டு நாள் குதிரையில்தான் போகவேண்டும் என்பது. நான் முடித்ததும் மனைவி, "கழிசான் ரெண்டு தைக்கக் குடுக்க வேணும், பெல்ட் கட்டுற மாதிரி" என்றாள்.

நான் அந்தப் பெண்ணிடம், "உள்ளதைச் சொல்லுறன்" என்றேன். சொல்லும்போது அது பெரிய பொறுப்பாகத் தெரியவில்லை.

லாயத்தில் ஆறு வகுப்புக்குப் போனோம். ஆறாவது வகுப்பில் என் குதிரை காதை நிமிர்த்தியது. என்னைப் பார்த்தல்ல, கரட் வாளியைப் பார்த்து.

மொஸ்கோ வழியாகப் போய்ச் சேர்ந்து, தலைநகரில் இருந்து ஒரு நாள் முழுவதும் வாகனத்தில் குலுங்கி, வீதி முடிகிற இடத்தில் இறங்கினோம். அவளின் தம்பி நான்கு குதிரைகளுடன் நின்றான். உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பி, வெயிலில் கறுத்த முகம், அக்காவின் அதே கண்கள். அவனுக்கு ஆங்கிலமும் தெரியாது பிரெஞ்சும் தெரியாது. எங்களுக்கு அவள் பாடமாக்கித் தந்த கிர்கிஸ் சொற்கள் பன்னிரண்டு. அதில் ஒன்று "அபா", அம்மா.

மனைவி வாகனத்தால் இறங்கினதும் முதல் கேட்டது அதுதான். "அபா?"

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மலைப் பக்கம் கையைக் காட்டினான். மேலே இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டோம்.

எனக்குக் கிடைத்தது ஒரு கிழட்டுப் பழுப்புக் குதிரை. அது கோபக்காரக் குதிரை அல்ல, சாப்பாட்டுக்காரக் குதிரை. பத்தடிக்கு ஒருமுறை புல்லைக் கண்டு நின்றது. தம்பிக்காரன் கடைசியில் அதைத் தன் குதிரையோடு கயிற்றால் கட்டிவிட்டான். அதன்பிறகு எனக்கு வேலை ஒன்றும் இல்லை, பயப்படுவதைத் தவிர. ஆறு ஒன்றைப் பதினேழு தடவை கடந்தோம். வளைந்து வளைந்து வந்தது ஒரே ஆறு என்று பிறகுதான் தெரிந்தது. பனி உருகிய தண்ணீர் குதிரையின் வயிற்றில் மோதும். கீழே பார்த்தால் நாம் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போவது போல் இருக்கும். தூரத்தைப் பார் என்று லாயத்துப் பெண் சொன்னது ஏன் என்று அங்கேதான் விளங்கியது.

மரம் முடிந்த பிறகு புல் மட்டும். புல்லுக்கு மேலே கல். கல்லுக்கு மேலே ஆடி மாதத்திலும் பனி. எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளக்க முடியவில்லை. கிட்ட என்று நினைத்த மேடு மத்தியானம் கழிந்தும் அதே இடத்தில் நின்றது. பாத்திரத்தில் மிளகு கொட்டினது போல் ஒரு சரிவில் ஆடுகள் தெரிந்தன. இன்னொரு சரிவில் குதிரைக் கூட்டம், குட்டிகளோடு. நான் கையை நீட்டி ஒன்று, இரண்டு என்று தொடங்கினேன். தம்பிக்காரன் என் பக்கம் சரிந்து, கோபமில்லாமல், என் விரலைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டான்.

"நாவூறு படுமெண்டு பயப்பிடுறான்" என்றாள் மனைவி பின்னால் இருந்து. "உங்களுக்கு ஊரில ஒருத்தரும் சொல்லித் தரேல்லையோ?"

எங்களுடைய ஆட்களும் கண்பட்டுவிடும் என்று பிள்ளைகளைக் கைநீட்டி எண்ண விடமாட்டார்கள்தான். நான் கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினேன். நாற்பத்தொன்று.

பாதையில் எதிரே வந்த குதிரைக்காரர் எல்லாரும் நின்று கதைத்துவிட்டுத்தான் போனார்கள். முதலில் மந்தை சுகமா என்று கேட்பார்களாம், பிறகுதான் மனிதர்கள். எங்களைக் காட்டித் தம்பிக்காரன் ஏதோ சொல்வான். கேட்டவர் சிரிப்பை நிறுத்தி, இரண்டு கைகளையும் முகத்தில் தடவிக்கொள்வார். எங்கள் பயணத்துக்கு ஆசீர்வாதம் செய்கிறார்கள் என்று நினைத்து நானும் தலை வணங்கினேன். நான்கு பேருக்கு வணங்கினேன். மனைவி புன்னகையோடு எல்லாரிடமும் "அபா" என்றாள், தான் யாரைப் பார்க்கப் போகிறாள் என்று சொல்வதற்காக.

இடையில் ஒரு கூடாரத்தில் தங்கினோம். அங்கே குதிரைப்பாலைப் புளிக்கவைத்துக் கிண்ணத்தில் தந்தார்கள். நான் ஒரு வாய் குடித்தேன், கள்ளு மணம் அடிக்கவே வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் வெளிக்கிடும்போது மனைவி "மோர்தானே, உடம்புக்குக் குளிர்மை" என்று இரண்டு கிண்ணம் குடித்தாள். கணவாயில் ஏறும்போது அவள் குதிரையில் இருந்து உரத்துப் பாடத் தொடங்கினாள். நாற்பது வருடத்தில் அவள் வெளியில் பாடி நான் கேட்டதில்லை. குரல் ஒரு பக்க மலையில் பட்டு மற்றப் பக்கத்தால் வந்தது. தம்பிக்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். இரண்டு நாளில் அவன் சிரித்தது அந்த ஒருமுறைதான் என்பது பிறகு நினைத்தபோது தெரிந்தது.

"உமக்கு என்ன நடந்தது?" என்றேன்.

"சந்தோசமா இருக்கு. பிரசருக்கு விழுங்கிற மாதிரி அதுக்கும் ஒரு குளிசை இருக்கோ உங்களிட்ட?"

கணவாயைத் தாண்டியதும் கீழே அகலமான பசும்வெளி. அதன் நடுவே ஒரு வாய்க்கால், பக்கத்தில் மூன்று வெள்ளைக் கூடாரங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

தம்பியின் மனைவி கீழ் ஊரில் ஆங்கில ஆசிரியை. பாடசாலை விடுமுறையில் மேலே வந்திருந்தாள். கூடாரத்துக்குள் எங்களைக் கதவுக்கு நேர் எதிரே, விருந்தாளிக்குரிய இடத்தில் இருத்தித் தேநீரும் பாணும் தந்தாள். மனைவி தேநீரைத் தொடாமல் பையை அவிழ்த்து, அந்தப் பெண் மொன்றியலில் இருந்து தன் கையால் தைத்துக் கொடுத்துவிட்ட வெல்வெட் மேற்சட்டையை எடுத்து மடியில் விரித்தாள். விரித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள்.

ஆசிரியை அந்தச் சட்டையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தம்பிக்காரன் வெளியே போய்க் கை கழுவிவிட்டு வந்து, எங்களுக்கு முன்னால் முழங்காலிட்டு இருந்து பேசினான். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அம்மா சித்திரையில் போய்விட்டார். கீழே ஊரில் அடக்கம் செய்தாயிற்று. பாதையிலே விருந்தாளிக்குத் துக்கம் சொல்வதில்லை, வீட்டுக்குள் கொண்டுவந்து சாப்பிடக் கொடுத்துத்தான் சொல்வார்கள். அதனால்தான் இரண்டு நாளும் பேசாமல் வந்தான்.

எதிரே வந்தவர்கள் முகத்தைத் தடவினது எதற்கென்று அப்போது விளங்கியது.

மனைவி சட்டையை மெல்ல மடித்தாள். பிறகு கேட்டாள், "அவளுக்கு ஏன் சொல்லேல்லை?" நான் அதை ஆங்கிலத்தில் கேட்டேன்.

தம்பி நீளமாகச் சொன்னான். அவள் அங்கே ஒரு அறையில் தனியே இருக்கிறாள். தொலைபேசியில் சொன்னால், வைத்த பிறகு அவளைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்வதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. முதியவர்கள் கூடியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பெண்கள் இருந்து அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். வீட்டில் எண்ணெய் கொதித்து மாப் பொரிகிற மணம் இருக்க வேண்டும், போன உயிருக்கு அந்த மணம்தான் போய்ச் சேரும். மூத்தவர் ஒருவர் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டுக்கு வந்த பாதையில் இருந்து தொடங்கி, அவளையும் குதிரையில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வாசலுக்கு வந்த பிறகு சொல்லுங்கள்.

"நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றாள் ஆசிரியை. "உங்களுக்கு நரைத்துவிட்டது. எங்கள் வீட்டுக்குக் குதிரையில் வந்திருக்கிறீர்கள். அங்கே அவளுக்கு வேறு யாரும் இல்லை."

என்னால் முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என் தகப்பனார் இறந்த செய்தி எனக்கு ஒரு மெத்ரோ நிலையத்துப் பொதுத் தொலைபேசியில் கிடைத்தது. அப்போது என்னிடமும் விசா இல்லை. அப்புவுக்குக் கொஞ்சம் சுகமில்லை என்றார்கள். கொஞ்சம் சுகமில்லை என்றால் என்னவென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ரயில் வந்து போயிற்று, அடுத்ததும் வந்து போயிற்று. பிறகு வேலைக்குப் போனேன். அதை நினைத்துக்கொண்டு, "சரி, சொல்லுறன்" என்றேன்.

எங்களுக்காக ஒரு ஆட்டை அறுத்தார்கள். மனைவி கல்யாணம் முடித்த நாளில் இருந்து வெள்ளிக்கிழமையில் மச்சமாமிசம் தொட்டதில்லை. போதாததற்கு இது செத்த வீடு. நான் ஆசிரியைக்கு இதை விளக்கப் பார்த்தேன். அவள் குழம்பிப்போய், "இது அம்மாவின் பேரில் அறுத்தது. தின்பவர்கள்தான் அவருக்காக வேண்டிக்கொள்கிறார்கள்" என்றாள்.

மனைவி தட்டைக் கிட்ட இழுத்தாள். "அந்த மனிசியின்ர பேரில எண்டா நான் எப்பிடி வேண்டாமெண்டுறது" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு அல்ல, எல்லாரும் பார்க்கச் சாப்பிட்டாள்.

மூன்று நாள் நின்றுவிட்டுத் திரும்பினோம். திரும்பும் வழியில் ஆற்றைக் கடந்த கணக்கு எனக்கு நினைவில்லை. என் பிரெஞ்சில் எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

மொன்றியலில் வீட்டுக் கதவைத் திறக்கும்போதே தொலைபேசி அடித்தது. மனைவி எடுத்துக் காதில் வைத்தாள், அந்தப் பெண்ணின் குரல் கேட்டதும் என் கையில் திணித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அத்தான், போய்ச் சேர்ந்தனீங்களோ? அம்மா எப்பிடி?"

"பாதை நல்ல வடிவு" என்றேன். "எல்லாம் நேரில கதைப்பம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வா."

"மெலிஞ்சு போனாவோ?"

"ஞாயிற்றுக்கிழமை வா, பிள்ளை. இப்ப எனக்கு இடுப்பு நிமித்தேலாமல் இருக்கு."

அது பொய்யல்ல. இடுப்பு உண்மையாகவே நிமிரவில்லை. குரலில் காட்டிக்கொடுத்துவிட்டேனோ, காட்டிக்கொடுக்காமல் விட்டது அதைவிடப் பிழையோ என்று மூன்று நாளும் அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளும் மனைவி கடைக்கு வேலைக்குப் போகவில்லை, பயணக் களைப்பு என்று சொல்லிவிட்டாள். மேசைக்கு எதிரே அவளைப் பார்த்துக்கொண்டு கீரை கட்ட முடியாது என்பதுதான் காரணம்.

ஆட்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. எங்கள் கட்டடத்தில் எங்களைவிட மூத்தவர்கள் ஏழு பேர் தேறினார்கள். கீழ்வீட்டு மன்னார் கத்தோலிக்கத் தம்பதி, மேல்மாடி அக்கா, அவவின் தமையன், இன்னும் மூன்று பேர். விசயத்தைச் சொன்னதும் ஒருவரும் மறுக்கவில்லை. மரக்கறிக் கடைக்காரரான அல்ஜீரியர் அவளைப் போல் முஸ்லிம்; அவரிடமும் சொன்னேன். தொழுகை முடித்துவிட்டுத் தானும் வந்து ஓதுவதாகச் சொன்னார்.

சண்டை வந்தது எண்ணெய்ச் சட்டியில். ஞாயிறு காலை மனைவி மாவைக் குழைத்துச் சதுரமாக வெட்டி, சட்டியை அடுப்பில் வைத்தாள். மேல்மாடி அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றா. எங்கள் வழக்கத்தில் செத்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவே கூடாது. துடக்குத் தீட்டுக் கழியும்வரை தாளிப்புக்கூடக் கிடையாது.

"என்ன வேலை பாக்கிறாய் நீ? இழவு சொல்லப் போற வீட்டில பலகாரம் சுடுறியோ?"

"அவையின்ர முறை அப்பிடி அக்கா."

"அவையின்ர முறையை அவையின்ர வீட்டில செய்யட்டும். இது உன்ர வீடு. நாலு பிள்ளையளைப் பெத்தனி நீ."

மனைவிக்கும் பயம்தான், எனக்குத் தெரியும். கரண்டி பிடித்த கை சட்டிக்கு மேலே அப்படியே நின்றது. நான்கு பிள்ளைகள், ஆறு பேரப்பிள்ளைகள். ஒரு நிமிடம் நான் அவர்களை ஒவ்வொருவராக நினைத்தேன்; மனைவியும் நினைத்திருப்பாள்.

"அவளுக்கு வேற வீடு இல்லை அக்கா" என்று சொல்லிவிட்டு மாத்துண்டுகளை எண்ணெயில் போட்டாள்.

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நெருப்பைக் குறை. கருகுது" என்று கரண்டியை வாங்கினா.

நாங்கள் கணக்கெடுக்காத ஒன்று இருந்தது. அந்த மாப்பொரியலை அவர்கள் துக்கத்துக்கு மட்டும் சுடுவதில்லை. கல்யாணத்துக்கும் சுடுவார்கள், பிள்ளை பிறந்தாலும் சுடுவார்கள். அவள் படிக்கட்டில் ஏறி வரும்போதே மணம் அவளுக்குப் பட்டுவிட்டது. மூன்றாம் மாடிக்கு ஓடி வந்து, மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பாகக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"அக்கா, என்ர அம்மா சொல்லித் தந்தவவோ?"

பிறகுதான் உள்ளே பார்த்தாள். சுவரோரமாக நிலத்தில் ஆறு முதியவர்கள் பேசாமல் இருந்தார்கள். நடுவில் ஒரு மெத்தை வெறுமையாகக் கிடந்தது. சிரிப்பு அவள் முகத்தில் இருந்தபடியே நின்றுவிட்டது. அவளுடைய நாட்டில் ஒரு வீடு அப்படி இருந்தால் என்ன என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் இது தமிழ் வீடு. வேறு ஏதாவதாக இருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்திருப்பாள். என்னைப் பார்த்தாள். நான் மெத்தையைக் காட்டினேன். வந்து இருந்தாள். மனைவி ஒரு கையையும் மன்னார் அம்மா மறு கையையும் பிடித்துக்கொண்டார்கள்.

நான் வீதி முடிகிற இடத்தில் இருந்து தொடங்கினேன்.

தம்பி வெள்ளைத் தொப்பியோடு நின்றான் என்றேன். குதிரைகள் நான்கு என்றேன். ஆற்றைச் சொன்னேன். என்னிடம் இருந்த பிரெஞ்சுச் சொற்கள் ஐந்நூறு இருக்கலாம். போதாத இடத்தில் ஆங்கிலம், அதுவும் போதாத இடத்தில் கை. அவள் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கணவாய்க்கு ஏறும் பாதையைச் சொன்னபோது, "இடப்பக்கம் ஒரு சிவப்புப் பாறை இருக்குமே" என்றாள். இருந்தது என்றேன். "அதில தண்ணி ஒழுகும். நாங்கள் சின்னனில நாக்கை நீட்டிக் குடிப்பம்." மனைவி பாடினதைச் சொன்னேன். அவள் மனைவியின் பக்கம் திரும்பி, கையை இறுக்கினாள். கணவாயைக் கடந்து இறங்கினோம். வாய்க்கால் தெரிந்தது. மூன்று கூடாரங்கள் தெரிந்தன. நாய் இரண்டு குரைத்துக்கொண்டு வந்தன. வாசலுக்கு முன்னால் குதிரைகளை நிறுத்தினோம்.

அடுத்த வசனத்தை நான் வழி முழுவதும், மூன்று நாளும் பாடமாக்கி வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை.

அவள்தான் கேட்டாள். "அத்தான், உங்கட குதிரையை ஆர் பிடிச்சது?"

எனக்கு விளங்கவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். எங்கள் கூடாரத்துக்கு ஆர் வந்தாலும் அம்மாதான் வெளியில் வந்து கடிவாளத்தைப் பிடிப்பா. காய்ச்சல் கிடந்தாலும் எழும்பி வருவா. வேறு ஒருத்தரையும் தொட விடமாட்டா.

"உன்ர தம்பியின்ர பெஞ்சாதி" என்றேன்.

உள்ளதைச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டவன் நான். சொன்னது அவ்வளவுதான்.

அவள் தலையைக் குனிந்து இருந்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக் குரல் எடுத்தாள். அவர்களுடைய பெண்கள் சுவரைப் பார்த்து, இறந்தவரைப் பற்றிச் சொல்லிச் சொல்லித்தான் அழுவார்களாம். ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்கவில்லை. மேல்மாடி அக்கா சமையலறையில் இருந்து எழும்பி வந்து அவளின் முதுகைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தானும் எங்கள் தமிழில் சொல்லி அழத் தொடங்கினா. அவவின் தாய் வன்னியில் இறந்தபோது அவவும் இங்கேதான் இருந்தவ. இரண்டு அழுகையும் ஒன்றையொன்று முந்தாமல் போயின. கடைக்காரர் வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அவர்கள் ஓயும்வரை நின்று, பிறகு ஓதினார். எல்லாரும் கையை ஏந்தினோம். கத்தோலிக்கர் சிலுவை போட்டார். மன்னார் அம்மா தேநீர் ஊற்றினா. எல்லாரும் மாப்பொரியல் சாப்பிட்டார்கள்.

பின்னேரம் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். அவள் மெத்தையில் மனைவியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். நித்திரை என்று நினைத்து நான் எழும்பப் பார்த்தேன்.

"அத்தான்" என்றாள் கண் திறக்காமல். "நீங்கள் இன்னும் குதிரையால இறங்கேல்லை."

உண்மைதான். நான் வாசலிலேயே நிறுத்திவிட்டிருந்தேன். அதனால் மறுபடி இருந்து, இறங்கினதைச் சொன்னேன். வலது காலைத் தூக்கிப் பின்னால் எடுத்தேன், அது பாதியில் நின்றுவிட்டது, வரவும் இல்லை போகவும் இல்லை. குதிரை புல்லைக் கண்டு இரண்டடி நடந்தது. உன் தம்பி என்னை இடுப்பில் பிடித்து உருளைக்கிழங்கு மூட்டை இறக்குவது போல் இறக்கினான். நிலத்தில் நின்றபோதும் கால் இரண்டும் குதிரையில் இருப்பது போலவே அகன்று நின்றன. உன் அக்கா தன் குதிரையில் இருந்து சிரித்தாள்.

"சிரிக்கேல்லை" என்றாள் மனைவி. "கொஞ்சம் சிரிச்சனான்."

படுத்திருந்தவளின் வாய் ஒரு பக்கம் கோணியது. "அம்மா நிண்டிருந்தால் உங்கட முழங்காலுக்கு ஆட்டுக் கொழுப்புப் பூசியிருப்பா."

"பூசினவை" என்றேன். "தம்பியின்ர பெஞ்சாதிதான் பூசினவ. மொஸ்கோ வரைக்கும் அந்த மணம் போகேல்லை."

"எந்த முழங்காலுக்கு?"

"ரெண்டுக்கும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "சரி" என்றாள். "பேந்து உள்ளுக்குப் போனனீங்கள். சொல்லுங்கோ."